மணவறைக்கு முன்னால் விட்டுப்போன கமரா

கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் குலசிங்கம் கழற்றியதும் உள்ளேயிருந்து கிளம்பிய தூசியில் நிலாணிக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக வந்தது.

"மூக்கைப் பொத்து பிள்ளை. உதைத் திறந்து எத்தினை வருசம்!" என்றார் அவர். சொன்ன விதத்தைப் பார்த்தால் தூசியும் தன் சொத்துத்தான் என்பதுபோல இருந்தது.

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பக்கம் ஒரு வரிசை வீட்டின் பேஸ்மென்ற் அது. மாசிமாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். ஆனால் இருந்த ஒரேயொரு சின்ன ஜன்னலையும் வெளியே தள்ளிக் குவித்த பனி மூடிவிட்டதால், ரியூப் லைற் வெளிச்சத்தில் நேரமே தெரியவில்லை. ஒரு காலத்தில் 'குலம் வீடியோ' என்றால் ஸ்காபரோவில் தெரியாத ஆளில்லை. சாமத்தியவீடா, கலியாணமா, அறுபதாம் கலியாணமா, மனிசன் இரண்டு கமராவோடு வந்து நிற்பார். பிறகு சனத்தின் கையில் நல்ல போன் வந்தது, வானத்தில் பறக்கிற கமராவோடு இளம்பொடியள் வந்தார்கள், குலசிங்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனார். லைற் ஸ்ராண்டுகளும் சுருட்டிய பின்திரைகளும் மட்டும் மூலையில் சாய்ந்தபடி கிடந்தன.

நிலாணி வந்தது அம்மாவைத் தேடி.

அம்மா பாலேஸ்வரி தை மாதம் செத்துப்போனாள். அடுத்த கிழமை முப்பத்தொன்றாம் நாள் கிரியை. ஹோலில் வைத்து எல்லாருக்கும் முன்னால் படம் போட்டுக் காட்டவேண்டும், இப்போதெல்லாம் அதுதானே வழக்கம். பிக்கரிங் வீட்டில் இருந்து நிலாணி தன் போனையும் புருசன் ஜனார்த்தனின் போனையும் கிளறியபோது, அம்மா நிறைய இருந்தாள். எல்லாவற்றிலும் சக்கரநாற்காலியில் இருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, கை மடியில் செத்துக் கிடக்க, கமராவைப் பார்க்கத் தெரியாமல் எங்கேயோ பார்த்தபடி. நிலாணியின் கலியாணம் முடிந்த மறுவருடமே பாரிசவாதம் அம்மாவை விழுத்திவிட்டது. அன்றோடு நடையும் போச்சு, பேச்சும் போச்சு. பத்து வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் அம்மா இருந்தாள், அம்மாவின் குரல் இருக்கவில்லை. கடைசியில் நிலாணிக்கு அந்தக் குரல் எப்படி இருந்தது என்பதே மறந்துவிட்டது. யோசித்து யோசித்துப் பார்த்தாள். பெற்ற தாயின் குரல் நினைவுக்கு வராவிட்டால் ஒரு மனிசி என்ன செய்வாள்? குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் கலியாண வீடியோவை எடுத்துப் போட்டாள். மூன்று டிஸ்க். முதலிலிருந்து முடிவுவரை பார்த்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். மாமி ஆரத்தி எடுத்தாள். யாரென்றே தெரியாத ஒருவர் வடையைக் கடித்துக்கொண்டு கமராவுக்குத் தலையாட்டினார். அம்மா இல்லை. ஒரு இடத்திலும் இல்லை.

ஊரில் சண்டைக் காலத்தில் அப்பா செல்லடியில் செத்தபோது நிலாணிக்கு நாலு வயது. புருசன் இல்லாதவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியாது, கனடாவுக்கு வந்த பிறகும் அந்தச் சட்டத்துக்கு மட்டும் விசா கிடைத்துவிட்டது. ஆனால் ஹோலின் பின்பக்கத்திலாவது, சாப்பாட்டு மேசையிலாவது, ஒரு தோளாவது தெரிந்திருக்கவேண்டாமா?

அந்த வீடியோவை எடுத்த குலசிங்கத்தின் நம்பரைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"நான்தான் பிள்ளை வெட்டினனான். அந்த நாளையில அப்பிடித்தான். புருசன் இல்லாதவையள் முன்னுக்கு நிண்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வீடியோவைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில எறிவினம். எறிஞ்சும் இருக்கினம்."

நிலாணி போனை வைக்கப்போனாள்.

"பொறு, பொறு. ஆனா உங்கடை அம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டாவது கமராவை மணவறைக்கு முன்னால ஸ்ராண்டில வைச்சனான். சனம் முழுக்கச் சாப்பிடப் போக, நானும் அதை நிப்பாட்ட மறந்துபோய்ச் சாப்பிடப் போட்டன். பிறகு எடிட் பண்ணேக்கை பாக்கிறன், உங்கடை அம்மா தனிய வந்து மணவறையடியில நிக்கிறா. கன நேரம் நிண்டவ. ஏதோ கதைச்சவ பிள்ளை, தனக்குத்தானே. அதையும் வெட்டிப்போட்டன். ஆனா வெட்டினது வீடியோவில, ஒறிஜினல் என்னட்டைக் கிடக்கும்."

இதுதான் கதை. அம்மா நடந்து வருகிறாள், நிற்கிறாள், கதைக்கிறாள். அதற்காகத்தான் நிலாணி பனியில் கார் ஓட்டிக்கொண்டு வந்து, பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒறிஜினல் இருந்த ஹார்ட் டிரைவ் சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள், தமிழ்ப் பேப்பர் சுற்றிக் கிடந்தது. மேலே மார்க்கரால் 'ஜனார்த்தன் வெடிங்' என்று எழுதியிருந்தார். எழுத்திலும் மாப்பிள்ளை வீடுதான். கைக்கு அடங்கிய ஒரு இரும்புச் செங்கல், அவ்வளவுதான். குலசிங்கம் சொன்னபடி நிலாணி புது டிரைவ் ஒன்றும் வாங்கி வந்திருந்தாள். இரண்டையும் கொம்பியூட்டருக்குள் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுவது அவருடைய திட்டம்.

"உதை எடுத்துக் குடுக்கிற கடையள் இருக்குதாம் அண்ணை. அங்கை கொண்டுபோவமே?" என்று அவள் கேட்டுத்தான் பார்த்தாள்.

"நானிருக்க உவங்கள் என்னத்துக்கு?" என்று முகம் சுளித்தார். "உதுகளோடைதானே பிள்ளை நான் குடும்பம் நடத்தினது."

வேலை தெரிந்த கைதான், அதில் குறை சொல்ல முடியாது. கையில் மின்சாரம் ஏதும் தங்கியிருந்தால் போகட்டும் என்று முதலில் வெறுந்தகட்டைத் தொட்டார். பழைய டிரைவைத் தட்டுக்குள் தள்ளி ஸ்குறூ பூட்டினார், அதற்குக் கீழே புதியதைப் பூட்டினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர். ஒன்று கரண்ட், மற்றது படங்கள் போய்வருகிற வழி. எல்லாம் செருகிவிட்டு, "முருகா" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

கொம்பியூட்டர் எழும்பியது. புதிய டிரைவ் தெரிந்தது. பழையது இல்லை.

"அது எங்கை அண்ணை?"

"வரும், வரும்."

வரவில்லை. நிப்பாட்டினார். வயரைக் கழற்றி ஊதிச் செருகினார். மறுபடி போட்டார். இல்லை. படம் போகிற வயரை மாற்றினார். இல்லை. அந்த வயரை வேறொரு துளையில் செருகினார். அப்போதும் இல்லை. அவர் ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் நிலாணி ஸ்கிறீனையும் பிறகு அவர் முகத்தையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் வந்து வந்து போன நாட்களிலும் இப்படித்தான் இருந்தது.

குலசிங்கம் நிலத்தில் படுத்து, டிரைவின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"சுத்துற சத்தமே இல்லை. கரண்ட் போகேல்லை பிள்ளை." கரண்ட் வயரை இழுத்துப் பார்த்தார். அது நடுவில் ஒட்டு வைத்த வயர், ஒட்டில் பிளாஸ்ரிக் மஞ்சளாகி வெடித்திருந்தது. "கோதாரியில போன வயர்! உன்னாலதானே இவ்வளவு நேரமும்!" அதை உருவி மூலையில் எறிந்துவிட்டு, சிடி போடுகிற பெட்டிக்குப் போன வயரைக் கழற்றி இதற்குக் கொடுத்தார்.

இந்த முறை மெல்லிய உறுமலொன்று கேட்டது. நிலாணி வாளியிலிருந்து எழும்பிவிட்டாள்.

ஆனால் திறக்கத்தான் இல்லை. டிரைவ் இருக்கிறது என்கிறது கொம்பியூட்டர், அதைத் திறக்கப் பெயராக ஒரு எழுத்து மட்டும் கொடுக்கமாட்டேன் என்கிறது. அதற்கிடையில் ஸ்கிறீனில் ஒரு பெட்டி குதித்து, டிரைவைப் பாவிக்கமுதல் தயார்படுத்தவேண்டும், சரியா என்று கேட்டது. நிலாணி வங்கியில் நாள் முழுக்க இப்படிப் பெட்டிகளுக்கு 'ஓகே' கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். கை தானாக மவுசுக்குப் போனது.

"கையை எடு!" குலசிங்கம் போட்ட சத்தத்தில் அவள் பதறிப்போனாள். "எந்த டிரைவ் எண்டு பாக்காமல் அமத்தினா எல்லாம் துடைச்சுக்கொண்டு போயிடும். பெரிசு புதுசு, சின்னது கலியாணம். விளங்குதே?"

அவர் கண்ணாடியைப் போட்டு, அளவுகளை இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, புதியதற்கு மட்டும் சரி கொடுத்தார். பிறகு சின்னதற்குத் தன் கையால் ஒரு எழுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மஞ்சள் கோப்புறைகள் ஒவ்வொன்றாக ஸ்கிறீனில் வந்து விழுந்தன. முதற் கமரா, இரண்டாம் கமரா, பாட்டுக்கள், அல்பம்.

நிலாணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணை, நீங்கள் நல்லா இருக்கவேணும்" என்றாள். குலசிங்கம் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அன்றைய நாளில் அந்தப் பேஸ்மென்ற்றில் யாராவது சந்தோசப்பட்டார்கள் என்றால் அது அப்போது மட்டும்தான்.

"இனி ஒண்டும் தொடக்கூடாது," என்றார். "பழைய டிரைவ். கன காலம் சும்மா கிடந்தது. முதல் கொப்பி, பிறகுதான் பாக்கிறது." எல்லாவற்றையும் பிடித்துப் புதியதற்குள் போட்டார். முதற் கமராவின் கோப்புகள் ஒன்றொன்றாக நகரத் தொடங்கின.

அவர் மேலே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் குடித்தார்கள். பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நிலாணி கேட்டாள்.

"அண்டைக்கு அம்மா உங்களோடை ஏதும் கதைச்சவவே?"

"எல்லாரோடையும் நல்ல மாதிரி. கமராவைக் கண்டா மட்டும் விலத்திப் போயிடுவா. நான் கவனிச்சனான்." தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ விலத்திப் போனது எனக்கும் வசதியாப் போச்சு, என்ன."

அவள் தன் கோப்பையை நிலத்தில் வைத்தாள். மனிசன்மேல் கோபம் வந்தது. அன்றைக்கு மேடையிலிருந்து அம்மா எங்கே என்று தான் ஒருக்காலும் தேடவில்லை என்பதும் கூடவே வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து, டிக், டிக். சுவர்ப் பல்லி சொல்வதுபோல. பச்சைக் கோடு நின்றது, பிறகு மனமில்லாமல் நகர்ந்தது.

குலசிங்கத்தின் முகம் மாறியது.

"என்ன அண்ணை?"

"உள்ளுக்கை தட்டு சுத்தும், அதுக்கு மேலால ஊசி ஒண்டு ஓடும். ஊசி இடம்பிடிக்கேலாமல் தடுமாறுது." அவர் இதற்குமேல் விளக்க விரும்பவில்லை. "முதற் கமரா முடியேல்லை, ரெண்டாவது இன்னும் தொடங்கவேயில்லை. போற போக்கைப் பாத்தா..."

"அப்ப ரெண்டாவதை முதல் எடுங்கோவன்!"

"அதுக்குள்ளை எது எண்டு தெரியாதே பிள்ளை. எல்லாம் வெறும் நம்பர். திறந்துதான் பாக்கவேணும்."

"திறவுங்கோ அண்ணை."

அவர் கொப்பியை நிப்பாட்டினார். இரண்டாம் கமராவைத் திறந்தார். முதலாவதில் தாலி கட்டு. அடுத்ததில் அறுகரிசி போட்டு வாழ்த்துகிற வரிசை. அதற்கடுத்ததில் மணவறை வெறுமையாக இருந்தது. வெள்ளைக் கதிரை இரண்டு, சரிந்த மாலை, நிலம் முழுக்கப் பூ. தூரத்தில் சனத்தின் இரைச்சல்.

ஓரத்திலிருந்து அம்மா வந்தாள்.

நடந்து வந்தாள். நிலாணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு அந்த நடை இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள். கொஞ்சம் அவசரமாக, சேலைக்கரையைக் கையால் தூக்கிப் பிடித்தபடி, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போல. சாம்பல் நிறச் சேலை. அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் மணவறைக்குக் கிட்டப் போனாள். மேலே ஏறவில்லை. ஒருவரும் இல்லாதபோதும் ஏறவில்லை, பாவி மனிசி. கீழே நின்று, மணமகளின் கதிரைக் கையில் தன் கையை வைத்தாள். குனிந்து கொஞ்சப் பூவைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். பிறகு அந்தக் கதிரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஹோல் வேலையாட்கள் எங்கேயோ மேசைகளை மடித்து அடுக்கினார்கள். டமார், டமார். அம்மாவின் உதடு அசைந்தது, தலை அசைந்தது, ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பேசிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

"சரி," என்றார் குலசிங்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்டுபிடிச்சாச்சு. இப்ப இதை மட்டும் கொப்பி பண்ணுவம்."

"என்ன சொன்னவ அண்ணை?"

"கேக்கேல்லைப் பிள்ளை. கொப்பி பண்ணின பிறகு சத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பாக்கலாம்."

"ஒருக்கா. சத்தத்தைக் கூட்டி ஒருக்காப் போடுங்கோ. என்ரை பேர் சொன்னமாதிரி இருந்தது."

"வேண்டாம், சொன்னாக் கேள்."

"அண்ணை, அவவை அண்டைக்கு வெட்டினது நீங்கள்தானே. இண்டைக்கு ஒருக்கா விடுங்கோவன்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னதும் அவளுக்கே தெரிந்தது. மனிசன் அவளை ஒருமுறை பார்த்தார். வேலை தெரிந்த கை, செய்யக்கூடாததென்று தெரிந்துகொண்டே, ஒலியை முழுக்கக் கூட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டது.

வெறும் மணவறை. சனத்தின் இரைச்சல் இப்போது பேஸ்மென்ற் முழுக்க நிறைந்தது. அம்மா ஓரத்திலிருந்து வந்தாள். சேலைக்கரையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கதிரையில் கை வைத்தாள். குனிந்தாள்.

குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

டிக். டிக். டிக். டிக். பிறகு தகரத்தில் ஆணி இழுத்ததுபோல ஒரு கிறீச். பிறகு உறுமலும் இல்லை. ஸ்கிறீனில் அம்மாவின் குனிந்த முதுகு கொஞ்ச நேரம் இருந்தது. அதுவும் போய்க் கறுப்பாகியது.

"ஐயோ," என்றார் குலசிங்கம். கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்து, டிரைவில் காதை வைத்தார். வயரைக் கழற்றினார், செருகினார். நிப்பாட்டினார், போட்டார். அன்று அதுவரை செய்த எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். நிலாணி சுவரோடு சாய்ந்து நின்றாள். இதையெல்லாம் அவள் அம்மாவின் கட்டிலடியில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். நெஞ்சை அமத்தி அமத்திப் பார்க்கிறவர்களின் கை எப்போது ஓயப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் போட்டிருக்கக்கூடாது," என்றார் அவர், நிலத்தில் இருந்தபடியே.

"நான்தான் கேட்டனான் அண்ணை."

டிரைவை அந்தக் கடைகளில் ஒன்றுக்கு அனுப்பினார்கள். சில நாளில் பதில் வந்தது. உள்ளே தட்டு உரசுப்பட்டுவிட்டது, வருந்துகிறோம், இனி எடுக்க ஒன்றுமில்லை.

முப்பத்தொன்றுக்கு முதல்நாள் குலசிங்கம் புதிய டிரைவைக் கொண்டுவந்து, பிக்கரிங் வீட்டில் ஜனார்த்தனின் கொம்பியூட்டரில் தானே பூட்டிக் கொடுத்துவிட்டு, சாப்பிடச் சொல்லியும் நில்லாமல் போய்விட்டார். கொப்பியை நிப்பாட்டுவதற்கு முன்னால் வந்துசேர்ந்தவை மட்டும் அதில் இருந்தன. எல்லாம் முதற் கமரா. கலியாணத்தன்று விடியற்காலை, அப்போது அவர்கள் குடியிருந்த மோர்னிங்சைட் அப்பார்ட்மென்ற்றில் பெண் வெளிக்கிடுகிற காட்சி.

நிலாணி மனமில்லாமல்தான் போட்டாள். ஜனார்த்தன் பின்னால் வந்து நின்றான்.

கமரா அறைக்குள் நுழைகிறது. கட்டிலில் சேலைப் பெட்டிகள், பூ, ஊசிகள். கமரா மெல்ல ஒரு பக்கம் திரும்புகிறது. அலுமாரியோரம் சாம்பல் நிறச் சேலைக் கரை ஒன்று தெரிகிறது. உடனே ஒரு கை எழும்பிக் கமராவை மறைக்கிறது. வளையல் இல்லாத, மஞ்சள் கறை படிந்த உள்ளங்கை. ஸ்கிறீன் முழுக்க அந்தக் கைதான்.

"என்னை எடுக்காதேங்கோ தம்பி," என்றது குரல். "பிள்ளையை எடுங்கோ."

அம்மாவின் குரல். கொஞ்சம் கரகரத்த, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். இதையா மறந்தேன் என்று நிலாணி ஸ்கிறீனுக்குக் கிட்டப் போனாள்.

கை விலகுவதற்குள் கமரா சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் மணப்பெண் இருக்கிறாள். நெற்றிச்சுட்டி நேராக இருக்கிறதா என்று சரிபார்க்கிறாள். பின்னால் கேட்ட குரலுக்கு அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"மாமியின்ரை குரல்தானே?" ஜனார்த்தன் அவள் தோளில் கை வைத்தான். "நாளைக்கு ஹோலில இதைப் போடுவம்."

"போட்டால் என்ரை முகம்தான் தெரியும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். பிறகு கீழே போனான்.

நிலாணி மறுபடி போட்டாள். புதிய டிரைவ், சத்தமே இல்லை, எத்தனை தரம் போட்டாலும் நிற்காது. கை எழும்பியது, குரல் சொன்னது, கமரா திரும்பியது. மறுபடி போட்டாள். ஒவ்வொரு தரமும் கமரா அம்மாவை விட்டுவிட்டு அவளிடமே வந்தது.